நீட்டிய கையும் மூன்றாம் தகுதியும்

எல்யோர் மிர்கமோலவ் என் தம்பி தூல்கினின் மகன். 2005 மார்ச் பதினொன்றாம் தேதி மர்கிலான் நகரில் பிறந்தான். தந்தை ஃபெர்கானா செல்லும் பேருந்தின் ஓட்டுநர். தாய் ஜமீரா பட்டு ஆலையில் வேலை செய்கிறாள். 2010இல் முதன்முதலாகச் சதுரங்கக் காயைத் தொட்டான். கிராண்ட்மாஸ்டர் பட்டத்துக்கு மூன்று போட்டிகளில் தகுதி பெற வேண்டும். பதினேழு வயதில் இரண்டைப் பெற்றிருந்தான்.

மூன்றாவது, 2022 நவம்பரில் தாஷ்கந்தில் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்தது. கடைசிச் சுற்று. வென்றால் பட்டம், சமன் போதாது. எதிரே அந்திஜானைச் சேர்ந்த சோபிர், வயது அறுபத்தொன்று. எல்யோரிடம் ஒரு சிப்பாய் கூடுதல், நிலையும் சாதகம். சோபிர் காயை நகர்த்திவிட்டு, "சமன் செஞ்சுக்கலாமா, தம்பி?" என்று கையை நீட்டினார். எல்யோர் சட்டென எழுந்து, இரு கைகளாலும் அதைப் பற்றிக்கொண்டான். நடுவர் ஆளுக்கு அரைப் புள்ளி எழுதினார்.

"ஜெயிக்கிற ஆட்டத்துல ஏண்டா கை குடுத்தே?" என்றான் தூல்கின்.

"பெரியவர் நீட்டினார், அப்பா. அந்தரத்துல விட முடியுமா?"

"நல்லாக் கேளுங்க," என்றாள் ஜமீரா, தேநீர் ஊற்றியபடி. "பெரியவங்க கையை ரெண்டு கையாலயும் பிடின்னு சொல்லிச் சொல்லி வளர்த்தது யாரு?"



"இனிமே பார்க்காத மாதிரி இருந்துடறேன்," என்றான் எல்யோர்.

"இருந்துதான் பாரேன்," என்றான் தூல்கின்.

தேநீர்க் கடையில் எல்யோருக்கு 'கைகுலுக்கி கிராண்ட்மாஸ்டர்' என்று பெயர் விழுந்தது. அப்படி அழைத்தவர்களுக்கும் கைகொடுத்துவிட்டே உட்கார்ந்தான்.

குளிர்காலத்தில் ஒருநாள் தெருமுனை ரொட்டிக்காரருக்குக் கை நீட்டினான். அவர் கையெல்லாம் மாவு. பிடிக்காமல், வலக்கையை நெஞ்சருகே கொண்டுபோய்த் தலைதாழ்த்தினார். ஆயிரம் முறை கண்ட காட்சிதான். அன்று எல்யோர் ரொட்டி வாங்க மறந்து வீடு திரும்பினான்.

2023 நவம்பர். அதே அரங்கு; கடைசிச் சுற்றில் மீண்டும் சோபிர்; மீண்டும் வென்றே ஆக வேண்டிய ஆட்டம். முப்பத்தெட்டாம் நகர்வில் அவர் கை நீண்டது. "இந்தத் தடவையும் சமன்தானே, தம்பி?"

எல்யோர் எழுந்தான். வலக்கையை நெஞ்சில் வைத்துத் தலைதாழ்த்தினான். "மன்னிச்சுக்குங்க, ஐயா. ஆட்டம் இன்னும் மிச்சம் இருக்கு."

உட்கார்ந்து யானையை நகர்த்தினான். அறுபத்தோராம் நகர்வில் சோபிர் தோல்வியை ஒப்புக்கொண்டு கை நீட்டினார்.

"இப்பவாவது பிடிப்பியா?"

பிடித்தான்.

தூல்கின் தொலைபேசியில் முதலில் கேட்டது முடிவை அல்ல.

"பெரியவருக்குக் கை குடுத்தியா?"

"குடுத்தேன், அப்பா."

"ரெண்டு கையுமா?"

"ரெண்டும்."

அதன் பிறகே முடிவைக் கேட்டு, பேருந்திலிருந்த அத்தனை பேருக்கும் செய்தி சொல்லி, வண்டியை எடுத்தான். எங்கள் குடும்பத்தில் வேறு பட்டங்கள் பெற்றவர்கள் முன்பும் உண்டு. ஒரு பெரியவரை மறுத்தும் அவர் மனம் கோணாமல் வென்று வந்தவன் இவன் ஒருவனே. இதைத் தயக்கமின்றி எழுதுகிறேன்.

முதல் காயிலிருந்து பட்டம் வரை பதின்மூன்று ஆண்டுகள்.