ராகு காலத்துக்கு முன் குடிபோன பிரவுசர்

என் வீட்டுக்காரருக்கு ஒரு சின்ன வீடு இருந்தது. பதற வேண்டாம், அது கம்ப்யூட்டருக்குள் இருந்தது. அறுபத்து நான்கு கட்டம் போட்ட சதுரங்கப் பலகை. அதன் அந்தப் பக்கம் முகம் தெரியாத ஓர் ஆள். ஐந்து வருஷமாக இருவரும் ஒரு நாளைக்கு ஒரு காய் என்று நகர்த்திக்கொண்டிருந்தார்கள். ஓர் ஆட்டம் முடிய இரண்டு மாதம் ஆகும். முடிந்த மறுநாளே அடுத்த ஆட்டம். உலகத்தில் வேறு வேலையே இல்லை பாருங்கள்.

பினாங்கில், பாயான் லெப்பாஸ் வட்டாரத்து ஃபேக்டரி ஒன்றில் இவர் மெஷின் டெக்னீஷியனாக இருந்தபோது, மதியச் சாப்பாட்டு நேரத்தில் தொற்றிக்கொண்ட பழக்கம் அது. அந்த ஆளைப் பற்றி இவருக்குத் தெரிந்ததெல்லாம் அவர் பனி கொட்டும் ஊரில் இருக்கிறார் என்பதுதான். பலகைக்குக் கீழே இரண்டு வரி ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ள இடம் உண்டு. நான் அதைப் படித்ததில்லை. "அப்படி என்னங்க எழுதிக்குவீங்க? குதிரை சாப்பிட்டுச்சா, யானை தூங்குச்சான்னா?" என்று கேட்பேன். அவர் சிரித்துக்கொண்டே திரையைப் பார்ப்பார். மூன்று வருஷத்துக்கு முன் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். மெஷின் போயிற்று, ஓவர்டைம் போயிற்று, சதுரங்கம் மட்டும் வீட்டுக்கு வந்துவிட்டது.

நான் இன்னும் வேலைக்குப் போகிறேன். டவுனில், கப்பல் சரக்கு அனுப்பும் ஆபீஸில் கிராணி, அதாவது குமாஸ்தா வேலை. போன மாதம் அங்கே எல்லோருடைய பிரவுசரையும் மாற்றினார்கள். பழையதற்கு இனிமேல் பாதுகாப்பு கிடையாதாம். புதியதில் புரோஃபைல் எப்படித் திறப்பது, பழையதில் இருக்கும் புக்மார்க்கையும் பாஸ்வேர்டையும் எப்படிக் கொண்டுவருவது என்று ஒரு மணி நேரம் வகுப்பு எடுத்தார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் நான் பெரிய நிபுணி ஆகிவிட்டேன்.

சுங்கை பினாங்கில் எங்கள் பிளாட்டு ஹாலில் ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதில் எனக்கு ஒரு புரோஃபைல், அவருக்கு ஒரு புரோஃபைல். அங்கேயும் அதே பழைய பிரவுசர்தான். ஒரு சனிக்கிழமை காலையில் பசியாறியதும் அறிவித்தேன்.

"இன்னைக்கு நம்ம பிரவுசரையும் மாத்திடப் போறேன்."

அவர் முகம் சுருங்கிவிட்டது. "இருக்கறது நல்லாத்தானே ஓடுது."

"ஓடும், ஒரு நாள் எல்லாத்தையும் வாரிக்கிட்டு ஓடும்."

"இங்க பாரு. என் செஸ் பாஸ்வேர்ட் எனக்குத் தெரியாது. பிரவுசரே ஏதோ நீளமா போட்டு அதுவே ஞாபகம் வச்சிருக்கு. திரும்பக் கேக்கலாம்னா, அதுல இருக்கறது ஃபேக்டரி ஈமெயில். அதை எப்பவோ மூடிட்டாங்க. இப்ப என் முறை வேற. மூணு நாளுக்குள்ள காய் நகத்தலேன்னா தோத்ததா ஆயிரும். போச்சுன்னா போனதுதான் மா. அந்த மனுஷனை எங்க போய்த் தேடுவேன்?"

"லோரி வச்சா சாமான் ஏத்தப் போறேன்? ரெண்டு கிளிக் லா. நான் இருக்கேன்ல?"

நான் இருக்கேன்ல என்று சொன்ன வாயை இன்றைக்கும் கிள்ளிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

உட்கார்ந்தபோது மணி எட்டு ஐம்பது. சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை வரை ராகு காலம். போனில் வேறு ஏதோ நேரம் காட்டுகிறது என்றார் இவர். மளிகைக் கடைக் காலண்டரில் போட்டிருப்பதுதான் எனக்குக் கணக்கு என்றேன். புது இடத்துக்குப் போகும் காரியத்தை ராகு காலத்தில் செய்வேனா? பத்து நிமிஷத்தில் இரண்டு பேருடையதும் முடியாது. ஆனால் அதற்கும் நம்மிடம் வழி இருக்கிறதே. இந்த பிளாட்டுக்குக் குடிவந்த அன்றும் இப்படித்தான் நேரம் இடித்தது. உப்பு, மஞ்சள், ஒரு குடம் தண்ணீர், சாமி படம், இவற்றை மட்டும் நல்ல நேரத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டோம். கட்டிலும் பீரோவும் மத்தியானம் வந்தன. குடிவந்தது காலையில் என்றுதான் கணக்கு.

அதையே இங்கேயும் செய்தேன். வீட்டுத் தலைவர் என்ற மரியாதைக்கு முதலில் அவர் புரோஃபைல். புதிய பிரவுசர் என்னென்ன வேண்டும் என்று கேட்டது. புக்மார்க், பாஸ்வேர்ட், பார்த்த பக்கங்கள். நான் புக்மார்க் கட்டத்தில் மட்டும் டிக் போட்டேன். அவரிடம் இருந்ததே மூன்று புக்மார்க். அதில் ஒன்று பிள்ளையார் படம், நானே எப்பவோ போட்டு வைத்தது. பிள்ளையார் முதலில் போகட்டும், மற்றது பத்தரைக்கு மேல் வரட்டும். எட்டு ஐம்பத்தெட்டுக்குப் பச்சை நிறத்தில் ஒரு சரி அடையாளம் வந்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டு எழுந்தேன். இவர் கீழே ரொட்டிச்சானாய் கடைக்குப் போனார், நான் பசாருக்குப் போனேன்.

பசாரில் மீன் வாங்கி, கீரை வாங்கி, ஒரு பழைய சிநேகிதியிடம் மாட்டிக்கொண்டு, வீடு திரும்பும்போது பதினொன்றரை. மீனைத் தண்ணீரில் போட்டுவிட்டு அவசரமாகக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். அவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சை அடையாளம். ஆஹா, இவருடையது முடிந்துவிட்டது. என்னுடையதை எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டு ஒன்று விடாமல் கொண்டுவந்தேன். பிறகு பழைய பிரவுசரைக் கழற்றினேன். உள்ளே இருப்பதையும் சேர்த்து அழித்துவிடவா என்று அது கேட்டது. வாடகை வீட்டைக் காலி செய்யும்போது பெருக்கிச் சுத்தமாக விட்டுவர வேண்டும் என்று வளர்ந்தவள் நான். அழி என்றேன்.

சாப்பிட்ட பிறகு அவர் தன் காயை நகர்த்தப் போய் உட்கார்ந்தார்.

"ஏய், இது பாஸ்வேர்ட் கேக்குது."

போய்ப் பார்த்தேன். சதுரங்கப் பக்கம் வந்திருந்தது, ஆனால் வாசலில் நிறுத்தி யார் நீ என்று கேட்டது. பாஸ்வேர்ட் பட்டியலைத் திறந்தேன். காலி. அப்போதுதான் எனக்கு உறைத்தது. உப்பையும் மஞ்சளையும் கொண்டுவந்து வைத்துவிட்டு, கட்டிலையும் பீரோவையும் பழைய வீட்டிலேயே விட்டு, அந்த வீட்டையும் இடித்துத் தள்ளியிருக்கிறேன். அவர் புரோஃபைலில் பிள்ளையார் மட்டும் ஜம்மென்று உட்கார்ந்திருந்தார்.

அவர் கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி ஆற்றிக்கொண்டிருப்பேன். ஆனால் மனுஷன் "பரவால்ல, விடு" என்று சொல்லிவிட்டுப் போய் ஜன்னல் பக்கம் நின்றார். எனக்கு வெட்கமாக இருந்தது. அன்றைக்கு மீன் குழம்பு அப்படியே மிஞ்சிப்போனது.

பாஸ்வேர்ட் மறந்துவிட்டது என்று அழுத்தினால், மூடிப்போன ஃபேக்டரி ஈமெயிலுக்கே கடிதம் போயிற்று. அந்தத் தளத்துக்கு எழுதிக் கேட்டோம். உங்கள் ஈமெயிலைப் பாருங்கள் என்று அதையே திருப்பிச் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை நான்தான் ஒரு யோசனை சொன்னேன்: புதிதாக ஒரு கணக்குத் திறந்து, நண்பராகச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி அந்த ஆளுக்கு எழுதுவோம். அங்கே அவர் வைத்திருந்த பட்டப்பெயர் இவருக்கு மனப்பாடம்.

"நான்தான்னு எப்படி நம்புவாரு?" என்றார்.

"ஆட்டத்தைச் சொல்லுங்க."

ஒரு தாளைக்கூடப் பார்க்காமல், நடந்துகொண்டிருந்த ஆட்டத்தின் முப்பத்தொரு நகர்வுகளையும் வரிசையாகத் தட்டினார். எங்கள் கல்யாண நாளை வருஷா வருஷம் நான்தான் அவருக்கு ஞாபகப்படுத்த வேண்டும்.

திங்கள் பதில் இல்லை. செவ்வாய்க்கிழமை மூன்று நாள் கெடு முடிந்து, பழைய கணக்கில் இவர் தோற்றதாகப் போட்டுவிட்டார்கள். யார் வேண்டுமானாலும் அதைப் பார்க்கலாம், என் வீட்டுக்காரரும் பார்த்தார். "நான் கோவிச்சுக்கிட்டுப் போயிட்டேன்னு நெனைப்பாரோ? இல்ல, செத்துட்டேன்னு நெனைப்பாரோ?" என்று மெதுவாகக் கேட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. நான் அழுவதைப் பார்த்து அவர் பயந்துபோய்த் தேத்தண்ணி கலக்கிக் கொடுத்தார்.

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு நான் பையோடு வாசலில் செருப்பு மாட்டும்போது உள்ளேயிருந்து கூப்பிட்டார். "வந்துருச்சு! வந்துருச்சு!"

செருப்போடு உள்ளே ஓடினேன். நாலு வரிதான் எழுதியிருந்தார் அந்தப் பனியூர்க்காரர். ஆட்டத்தைச் சரியாகச் சொல்லியிருக்கிறீர்கள், ஆனால் அதை யாரும் பார்த்து எழுதலாம். முன்பு ஒருமுறை என்னை இப்படி ஏமாற்றியிருக்கிறார்கள், மன்னிக்கவும். நீங்கள் என் நண்பர்தான் என்றால், உங்கள் மனைவியிடம் சொல்லாமல் என்னிடம் மட்டும் சொன்ன விஷயம் ஒன்று உண்டே, அதை எழுதுங்கள்.

நான் பையை மேசை மேல் வைத்தேன்.

"பஸ்ஸு போயிரப் போவுது" என்றார் இவர், திரையைப் பார்த்தபடி.

"போனா போகுது. எழுதுங்க."

"ஒரு தேத்தண்ணி போடேன்."

"இப்பதானே குடிச்சீங்க? எழுதுங்க, பாக்கறேன். என்ன, என் மீன் குழம்புல புளி ஜாஸ்தின்னு சொன்னீங்களா?"

"இல்ல."

"எங்க அக்கா வந்தா உங்களுக்குத் தலைவலின்னா?"

"அதெல்லாம் உனக்கே தெரியுமே மா."

நாற்காலியில் நெளிந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என்னைப் போகச் சொல்லவும் முடியாது, எழுதாமல் இருந்தால் ஆளும் போய்விடுவார். கடைசியில் இரண்டு விரலால், ஒவ்வோர் எழுத்தாகத் தட்ட ஆரம்பித்தார். நான் தோளுக்குப் பின்னால் நின்று படித்தேன்.

நான் ஓய்வு பெற்றதிலிருந்து, காலையில் என் மனைவி கதவைச் சாத்திக்கொண்டு வேலைக்குப் போனதும் எனக்குப் பயமாக இருக்கிறது. எதற்கு என்று தெரியவில்லை. சாயந்திரம் அவள் சாவிச் சத்தம் கேட்கும் வரை அது போவதில்லை. அதனால்தான் அவள் போனவுடனே உங்களுக்குக் காய் நகர்த்துகிறேன்.

அனுப்பு என்பதை அழுத்திவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வீட்டில் ராஜா மாதிரி இருக்கிறீர்கள், கொடுத்து வைத்தவர் என்று மூன்று வருஷமாக நான் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனது ஒவ்வொன்றும் எனக்குக் காதில் கேட்டது.

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, பதில் வந்துவிட்டது. வாருங்கள் நண்பரே, புது ஆட்டம், இந்தத் தடவை வெள்ளைக் காய் உங்களுக்கு என்று எழுதியிருந்தார். இவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே.

"ஏங்க" என்றேன். "இதை என்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா நீ சிரிப்பே."

சாதாரணமாகத்தான் சொன்னார், குறை சொல்வது போல்கூட இல்லை. மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். முப்பத்தைந்து வருஷமாக என்னோடு குடித்தனம் நடத்துகிறவரிடம் அதை எப்படிச் சொல்வது? செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு வந்து, இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.