இலையில் வைத்த புகையிலை

"…அப்பறம், பொகையெல இல்லாம படச்சா எங்கப்பா எலைக்கு வருவாரா? வடையப் பாத்துட்டு அப்பிடியே திரும்பிப் போயிடுவாரு மாப்ள!"

ஆடி அமாவாசை. குன்னத்தில் அக்கா வீட்டுக் கூடம். மாமா, அதாவது அக்காவின் கணவர், தன் அப்பாவின் படத்துக்கு முன்னால் போட்ட இலையில் வடைக்குப் பக்கத்தில் ஒரு துண்டுப் புகையிலையை வைத்துக்கொண்டே சொன்னார். செத்தவருக்குப் பிடித்ததைப் படைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஆனால் அந்தப் பெரியவர் போனதே தொண்டைப் புற்றுநோயில். அவர் தம்பி போனதும் அதில்தான். படைத்ததை வீணாக்க முடியுமா? வடை பிள்ளைகளுக்கு, புகையிலை மூத்த மகனுக்கு. மாமாதான் மூத்த மகன். மற்ற நாளெல்லாம் யாருக்குப் படைத்ததைக் கன்னத்தில் அடக்கிக்கொள்கிறார் என்று கேட்டால் மட்டும் அவருக்குக் காது கேட்காது.

மாமாவின் குரல் எங்கள் உறவு முழுக்கப் பிரசித்தம். மக்காச்சோளக் காட்டின் ஒரு கோடியில் நின்று "மோட்டார நிறுத்து" என்றால் அடுத்த காட்டுக்காரர் மோட்டாரும் நின்றுவிடும். அந்தக் குரல் ஒரு மாதத்துக்கு மேலாகக் கரகரத்துக் கிடந்தது. சிமெண்டு லாரித் தூசி என்றார். வெங்காயக் காரம் என்றார். ஒருநாள் அக்கா வைத்த ரசம் என்றார். அன்று அவருக்கு ரசமே கிடைக்கவில்லை.

பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்கு என் வண்டியில் உட்காரவைத்து அழைத்துப் போனேன். குடும்பத்தில் யாருக்காவது புற்றுநோய் இருந்ததா என்று டாக்டரம்மா கேட்டார். மாமா பூர்வீகச் சொத்தைச் சொல்வதுபோல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்பா, சித்தப்பா ரெண்டு பேருக்குங்க. வம்சத்துல வர்றது. நான் பொகையெலய விட்டா மட்டும் அது என்னய விட்டுடுமாங்க?"

"வம்சம் கொஞ்சம் இழுக்கும். பொகையெல அத விட ஜாஸ்தி இழுக்கும். ரெண்டும் இருந்தா மத்தவங்கள விட நீங்கதான் முன்னாடியே பாத்துக்கணும். இத்தன நாளா கொரல் சரியாகல. கொழா விட்டு உள்ள பாத்துடலாம், வாங்க."

"அமாவாச கழியட்டுங்க" என்று எழுந்து வந்தவர்தான்.

இதோ அமாவாசையும் வந்துவிட்டது. சூடம் காட்டி, காக்கைக்குச் சோறு எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனோம். காக்கை வாய் வைத்த பிறகுதான் வீட்டில் மற்றவர்களுக்குச் சாப்பாடு. மாமா மார்பை நிமிர்த்திக்கொண்டு கூப்பிட்டார். "கா… கா…" வெறும் காற்றுதான் வந்தது. வேப்பமரத்துக் காக்கை தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு அலகைக் கிளையில் தேய்த்துக்கொண்டது.

"மாமா, உங்கப்பாவுக்கு ஆளு தெரியல. இது யாரு வூட்டு மாடின்னு யோசிக்கிறாரு" என்றேன்.

அக்கா சிரிக்கவில்லை. "நீ கூப்புடுடா" என்றாள்.

என் கீச்சுக்குரலுக்கு அந்தக் காக்கை உடனே வந்து இறங்கியது. அப்பளத்தைக் கவ்விக்கொண்டு பறந்தது. மாமா அது போன திசையையே பார்த்தார்.

"எங்கப்பாவுக்கும் மொதல்ல இப்பிடித்தான் காத்து வந்துச்சு மாப்ள."

கீழே இறங்கினார். இலையில் இருந்த புகையிலையை எடுத்தார். அக்காவும் நானும் அவர் கன்னத்தையே பார்த்தோம். கொல்லைப்பக்கம் போய் எருக்குழியில் எறிந்துவிட்டு வந்தார். படத்தின் பக்கம் திரும்பாமல் இரண்டு வடையை எடுத்துக்கொண்டு, ஒன்றை என் கையில் திணித்துவிட்டு, வாசலில் நின்ற என் வண்டியின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.