தீமைக்கு நவமணி வைத்த சைகை

பிரசங்கம் நீண்டால் நவமணி இரண்டு கைகளையும் அக்குளில் செருகிக்கொள்வாள். காது கேளாத அவள் கணவன் சூசைக்கும், அவனைப் போன்ற இன்னும் மூன்று பேருக்கும் பிரசங்கம் அத்தோடு முடிந்தது. உபதேசியார் அதன் பிறகும் அரைமணி நேரம் நரகத்தைப் பற்றிக் கத்துவார். அந்த நால்வருக்கு மட்டும் நரகம் கிடையாது. பல வருஷங்களாக இப்படித்தான்.

மலாயாவில், பாடாங் செராய் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அவர்களுக்கு ஜெபத்தைக் கையால் கற்றுக்கொடுத்தவள் அவள்தான். பள்ளிக்கூடம் பார்க்காதவள்; தோன்றியதைச் சைகையாக வைத்தாள். அன்றாட அப்பத்துக்கு, ஜப்பான்காரன் வந்து அரிசி போன பிறகு, மரவள்ளிக்கிழங்கு உரிப்பது. ‘தீமையிலிருந்து இரட்சித்தருளும்’ என்ற இடத்தில் முழித்தாள். தீமையை எப்படிக் காட்டுவது? வயிற்றை முன்னே தள்ளி, இல்லாத மீசையை முறுக்கினாள். கங்காணி குழந்தைவேலு! நால்வருக்கும் சட்டென்று விளங்கியது.

1943-இல் ஒரு ஞாயிறு, ஜெபக் கொட்டகைக்குள் ஜப்பானிய அதிகாரி ஒருவன் நுழைந்தான். கூடவே குழந்தைவேலு. எட்டுக் கைகள் காற்றில் ஆடுவதைக் கண்டதும் அதிகாரியின் கை வாளுக்குப் போனது.

“ரகசிய பாஷை, துவான்! வெள்ளைக்காரனுக்குச் சேதி சொல்றானுங்க,” என்று கங்காணி அதிகாரிக்கு மலாயில் எடுத்துக்கொடுத்தான்.

“செம்பாயாங், துவான்! சாமி கும்புடுறாங்க!” என்று கத்திய நவமணி கங்காணி பக்கம் திரும்பினாள். “ஏண்ணே, இடி விழுந்தாலே கேக்காதவன் எங்க போயி ஒட்டுக் கேட்டுச் சேதி சொல்றது?”

அதிகாரி நால்வரையும் தனித்தனியே நிறுத்தி, அதே ஜெபத்தைச் செய்யச் சொன்னான். ஒருவன் கை மாறினாலும் நான்கு தலையும் போகும். கை மாறினால் வாள். மாறாவிட்டால் கடைசி வரியில் கங்காணி!

சூசை கிழங்கு உரித்தான், வயிற்றைத் தள்ளினான், மீசையை முறுக்கினான். அடுத்த இருவரும் அச்சு மாறாமல் செய்தார்கள். நான்காமவன் பக்திமான், கண்ணை மூடி, உருகி உருகி முறுக்கினான்.

அதிகாரி பக்கத்தில் நின்ற தொப்பையைப் பார்த்தான். மீசையைப் பார்த்தான். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தபடியே வெளியேறினான்.

சண்டை முடிந்து, தோட்டத்தை விட்டுப் போயிருந்த பங்குச் சாமியார் திரும்பியதும், நவமணி பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னாள்.

“ஒரு மனுசனத் தீமைன்னு காட்டலாமா? வேற சைகை சொல்லிக்குடு. அதான் ஒம் பாவத்துக்கு அபராதம்.”

“சரிங்க சாமி. ஆனா நாலு தலையும் கழுத்துல நிக்கிறது அதாலதானே?”

சாமியார் சிலுவை போட்டு அனுப்பிவைத்தார்.

ஒவ்வொரு ஈஸ்டருக்கும் புதுச் சைகை வந்ததா என்று அவர் கேட்பார். “இன்னும் தோணலீங்க சாமி,” என்பாள். கங்காணி செத்த வருஷமும் அதையே சொன்னாள். 1968-இல் அவளும் போய்ச் சேர்ந்தாள்; அந்த அபராதத்தைச் செய்யாமலேயே.