சுண்ணாம்பும் ஜரிகையும்: மட்டாஞ்சேரியில் ஒரு லென்ஸ் துடைத்த மாலை

கடலோர ஊர்களுக்குப் போகும்போது கேமரா லென்ஸை எப்படித் துடைப்பது என்று வாசகர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். கோயம்புத்தூரில் உட்கார்ந்துகொண்டு இதற்குப் பதில் எழுதுவது எளிது. ஆனால் இங்கே கடல் ஈரமும் இல்லை, உப்புக் காற்றும் இல்லை. மட்டாஞ்சேரியின் சுக்குக் களங்களைப் படமெடுக்க வேண்டும் என்ற ஆசையும் எனக்கு நெடுநாளாக இருந்தது. இஞ்சி காயும் பருவம் என்பதால் இந்த ஜனவரியில் கிளம்பினேன்.

காலை ரயிலில் எர்ணாகுளத்துக்கு ஏறத்தாழ நான்கு மணி நேரம். அங்கிருந்து மட்டாஞ்சேரிக்குப் பத்து கிலோமீட்டர். ஆட்டோவுக்கு முந்நூறு ரூபாய் கொடுத்தேன். ஓட்டுநர் என்னைப் பழம்பொருள் கடைகள் இருக்கும் தெருவில் இறக்கிவிடுவதிலேயே குறியாக இருந்தார். சுக்கு காயும் களம் என்று சொன்னதும் கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்தார்.

“அவிடெ எந்தா காணான் உள்ளது, அம்மே? பொடி மாத்ரம்!”

அங்கே பார்க்க என்ன இருக்கிறது, வெறும் தூசிதானே என்பது அவர் கருத்து. தூசியைப் பார்க்கத்தான் வந்திருக்கிறேன் என்றேன். அதன் பிறகு அவர் என்னோடு பேசவில்லை. பயணம் இனிமையாக இருந்தது.

விடுதியில் குளிர்சாதன அறை எடுத்திருந்தேன். அது என் தூக்கத்துக்கு நல்லது, லென்ஸுக்குக் கெடுதல். குளிர்ந்த லென்ஸை அந்த ஊர்க் காற்றில் நீட்டினால் உடனே வியர்க்கும். அந்த வியர்வையைத் துடைக்கக் கூடாது. கேமராவை மூடிய பைக்குள்ளேயே வைத்து, வெளிச்சூட்டுக்குப் பழகவிட வேண்டும். நான் தெருமுனைக் கடையில் ஒரு சாயா குடித்து அந்த நேரத்தைப் போக்கினேன். பக்கத்து மேசையில் ஒருவர் பழம்பொரி என்ற வாழைப்பழ பஜ்ஜியைத் தின்ற எண்ணெய் விரலோடு பனியன் நுனியால் லென்ஸைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கேமரா அவருடையது, வாயை மூடிக்கொண்டேன்.

நான்கு மணிக்குக் களத்துக்குப் போனேன். கிடங்குகளுக்கு நடுவில் பெரிய முற்றம். தரை முழுக்கச் சுண்ணாம்பு நீரில் நனைத்து எடுத்த இஞ்சி காய்ந்துகொண்டிருந்தது. பெண்கள் அதை மரப்பலகையால் தள்ளிக் கிளறும்போதெல்லாம் வெள்ளைத் தூள் புகையாக எழுந்தது. முற்றத்தின் நடுவில் ஒரு ஜோடி நின்றது. மணமகள் மீரா, கொச்சியிலேயே தலைமுறைகளாக இருக்கும் பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்துப் பெண். மாப்பிள்ளை ஹரியும் அதே வழி, துபாயில் வேலை. படமெடுக்க வந்தவள் ஜின்சி என்ற மலையாளப் பெண். கல்யாணம் ஏப்ரலில். ஹரிக்கு அன்றிரவு விமானம். திரும்புவது முகூர்த்தத்துக்கு முந்தைய வாரம். அழைப்பிதழுக்குப் படம் வேண்டுமானால் அந்த மாலைதான். சுக்குக் களம் மீராவின் விருப்பம். இதையெல்லாம் நான் கேட்காமலேயே மீரா சொன்னாள்.

காய்ந்த இஞ்சியைக் குவித்துக் கிடங்கில் சேர்க்கும் வேலையைச் சற்றுத் தள்ளிப்போடும்படி மேஸ்திரியிடம் கேட்க, ஜின்சி கேமராவை ஹரியின் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். காற்று வீசியது. லென்ஸில் சுண்ணாம்புத் தூள் வெள்ளையாகப் படிந்தது. ஹரி அதை முகத்தருகே தூக்கி ‘ஹா’ என்று ஊதி, கஞ்சி போட்ட புது வேட்டியின் ஜரிகைக் கரையால் அழுத்தித் துடைத்தார். நான் கத்துவதற்குள் முடிந்துவிட்டது.

முப்பது ஆண்டுகள் கல்லூரியில் வேதியியல் கற்பித்தவள் என்பதால் சொல்கிறேன். சுண்ணாம்புத் தூள் உலர்ந்திருக்கும்வரை வெறும் காற்றடித்தால் போய்விடும். மூச்சின் ஈரம் பட்டால் பசையாகி ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் கஞ்சியும் உலோக இழையும் சேர்ந்தால், துடைப்பது தேய்ப்பதாக ஆகிவிடும்.

திரும்பி வந்த ஜின்சி லென்ஸைச் சாய்த்துப் பார்த்தாள். “ஹரிச்சேட்டா, எந்தா ஈ காணிச்சே!” என்ன இப்படிச் செய்துவிட்டீர்கள் என்று பதறினாள்.

“பொடியா இருந்துதே, தொடச்சுக் குடுத்தேன். உபகாரமாக்கும் பண்ணினேன்” என்றார் ஹரி.

“உபகாரமாம்! ஆத்துல ஒரு டம்ளர் தொடைக்கச் சொன்னா ஆளக் காணோம். லென்ஸத் தொடைக்க மட்டும் கை நீள்றது” என்றாள் மீரா. சிரிக்க முயன்றாள், கண் கலங்கியிருந்தது.

ஜின்சியின் துடைக்கும் சாமான்கள் வீட்டில் இருந்தன. கையில் இருந்த ஒரே துணி சுண்ணாம்பில் விழுந்து கிடந்தது. வேறு லென்ஸும் கிடையாது. நான் என் பையைத் திறந்தேன்.

“அம்மச்சி, இது கண்ணட அல்லா, கேட்டோ. லென்ஸாணு” என்றாள் ஜின்சி. மூக்குக் கண்ணாடி துடைக்கும் துணியை எடுக்கிறேன் என்று நினைத்துவிட்டாள்.

“தெரியும்மா. கண்ணாடின்னா நானும் முந்தானையிலதான் தொடைப்பேன்” என்று காற்றடிக்கும் ரப்பர் குமிழை நீட்டினேன். அதைப் பார்த்ததும் மரியாதை வந்தது. கற்பித்தவள் என்று தெரிந்ததும் நான் டீச்சர் ஆனேன்.

வயதாகிவிட்டதால் என் விரல்கள் இப்போதெல்லாம் நுண்வேலைக்கு ஆவதில்லை. ஆகவே சாமான் என்னுடையது, கை அவளுடையது என்று ஏற்பாடு. கிடங்கின் உள்ளே தூசியில்லாத மூலையில் உட்கார்ந்தோம். லென்ஸைக் கவிழ்த்துப் பிடித்து, கீழிருந்து காற்றடித்தாள். பிறகு மென்தூரிகை. பிறகு லென்ஸ் துடைக்கும் திரவமும் மெல்லிய தாளும்.

“டீச்சரே, கண்ணாடி மேல ரெண்டு துள்ளி விடட்டே?”

“தாள்ல விடு. கண்ணாடி மேல விட்டா ஓரத்து வழியா உள்ள எறங்கும்.”

“அது எனிக்கும் அறியாம். டீச்சருக்கு அறியுமான்னு நோக்கினேன்” என்றாள். தனக்குத் தெரிந்ததைக் கேட்டு என்னைச் சோதித்திருக்கிறாள். பொல்லாத பெண். எனக்குப் பிடித்துப்போயிற்று.

நடுவிலிருந்து விளிம்பை நோக்கி வட்டமாக, ஒவ்வொரு முறையும் புதுத்தாள். வெளியே பெண்கள் இஞ்சியைக் குவிக்கத் தொடங்கிவிட்டார்கள்; வெள்ளைத் தரை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வந்தது. “ஒரு பத்து மினிட் கூடி, சேச்சி!” என்று மீரா வாசலில் நின்று அவர்களிடம் இன்னும் பத்து நிமிடம் கேட்டுக் கெஞ்சினாள். ஹரி தாமாகவே சுவரோரம் போய் நின்றுகொண்டார், எதையும் தொடாமல்.

கறை போயிற்று. முடி அளவில் ஒரு வளைந்த கீறல் மட்டும் நின்றது. கீறலைத் துடைத்து எடுக்க எந்த வேதியியலாலும் முடியாது. ஜின்சி என்னையே வெயிலில் நிறுத்தி இரண்டு படம் எடுத்தாள். சூரியன் எனக்குப் பின்னால் இருந்தபோது குறுக்கே ஒரு வெளிச்சக் கோடு ஓடியது. என் முகத்துக்கு நேரே இருந்தபோது கோடு இல்லை; சுருக்கங்கள் மட்டும் தெளிவாகத் தெரிந்தன.

சூரியனைப் பின்னால் வைத்து நிழலுருவங்களாக எடுப்பதுதான் அவர்களின் திட்டம். ஜின்சி அதைக் கைவிட்டு இருவரையும் மேற்கே திருப்பினாள். மிச்சமிருந்த வெள்ளைத் தரை ஒரு பாய் அளவுதான். வெயிலில் கண் கூசியது. ஹரி ஒற்றைக் கண்ணை மூடினார். அதைப் பார்த்து மீரா வாய்விட்டுச் சிரித்தாள். ஜின்சி எடுத்துக்கொண்டே இருந்தாள். கடைசிக் குவியலும் கிடங்குக்குள் போனது. நான் ஒரு படம்கூட எடுக்கவில்லை. இரவு மீனும் மரவள்ளிக் கப்பையும் சாப்பிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். டிசம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையில், வெயில் இருக்கும் நாளில் போங்கள். களங்கள் தனியார் இடம். மேஸ்திரியிடம் கேட்காமல் நுழையாதீர்கள். லென்ஸ் மாற்றுவதைத் தெருவிலேயே முடித்துவிடுங்கள். முதலில் காற்று, பிறகு தூரிகை, ஈரம் கடைசியில். மூச்சையும் வேட்டியையும் அவற்றுக்குரிய வேலைகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். உதவ விரும்பும் மாப்பிள்ளையிடம் கேமராவைக் கொடுக்காதீர்கள், குடையைக் கொடுங்கள்.

போன வாரம் அழைப்பிதழ் வந்தது. அந்தச் சிரிப்புப் படம்தான். ஹரியின் ஜரிகைக் கரையில் ஒரு வெள்ளைத் தீற்றல் தெரிகிறது. கணினியில் அதை அழித்துவிடட்டுமா என்று ஜின்சி கேட்டாளாம். “வேண்டாம், ஆயுசுக்கும் சொல்லிக் காட்ட எனக்கு வேணும்” என்று மீரா சொல்லிவிட்டாளாம்.