லோகு அண்ணன் வெட்டிய குரங்கு

ரேணிகுண்டாவிலிருந்து அண்ணி போன் செய்தபோது, நகரியில் என் வீட்டில் உட்கார்ந்து ஒரு சேலைக் கரைக்கு மயில் வரைந்துகொண்டிருந்தேன். "உங்க அண்ணன் போயிட்டாரு சுமதி" என்று அழுதார். பிறகு, "உன் மேல கோவம் இல்லன்னு சொல்லச் சொன்னாரு" என்றார். போனை வைத்த பிறகுதான் அந்த வார்த்தை உறைத்தது. கோபப்பட வேண்டியவள் நான்.

ஏர் ரைபிள் கழக நண்பர்களே, லோகநாதன் அண்ணனைப் பற்றி எழுதித் தரும்படி கேட்டீர்கள். அவர் கைத்திறனைப் பற்றி நீங்கள் எழுதியதெல்லாம் உண்மை. எனக்கு நடந்ததை நான் எழுதுகிறேன்.

உங்கள் போட்டிகளில் சுடுவதற்குக் குறியாக நிற்கும் தகட்டு விலங்குகளை நாங்கள் இருவரும் சேர்ந்து செய்தோம். உருவம் என்னுடையது. அதை இரும்பில் வெட்டிப் பொறி பொருத்துவது அவர் வேலை. உடலில் உள்ள வட்டத் துளைக்குள் குண்டு புகுந்து பின்தட்டில் பட்டால்தான் விலங்கு விழும். வேறெங்கு பட்டாலும் நிற்கும். நான் முதலில் வரைந்த காட்டுப்பன்றியைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, அரிசி மூட்டைக்குக் கால் வெச்ச மாதிரி கீது" என்றார். மறுநாளே ஸ்கூட்டரில் என்னை மலையடிவாரத்துக்கு அழைத்துப் போனார். புதரோரம் பன்றிகள் கிளறிக்கொண்டிருந்தன. "தோளைப் பாரு. பாரமெல்லாம் அங்கதான்" என்றார். திரும்பி வந்து வரைந்த பன்றியைச் சித்தூர் போட்டியில் வைத்தோம். உங்களில் ஒருவர் குறிபார்த்துவிட்டுத் துப்பாக்கியைத் தாழ்த்தி, "அது அசைஞ்சுதா?" என்று கேட்டார். அண்ணன் என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். அன்று நான் பட்ட சந்தோஷத்தை மறைக்க மாட்டேன்.

சித்தூர்ப் பக்கத்து மாந்தோப்புக்காரர் ஒருவர் குரங்கு உருவம் கேட்டு ரேணிகுண்டாவில் உள்ள அண்ணன் பட்டறைக்கு வந்தார். எதற்கென்று அவரே சிரித்துக்கொண்டு சொன்னார்: "பசங்க சுட்டுப் பழகணும். அப்புறம் ஒரு குரங்கும் தோப்புப் பக்கம் வராது." நான் முடியாது என்றேன். அவர் போன பிறகு அண்ணன் என்னைச் சமாதானப்படுத்தினார். "நான் இருக்கிற வரைக்கும் இந்தப் பட்டறையில குரங்கு வெட்டமாட்டேன். போதுமா?"

அந்த வாரம் நான் திருமலை அடிவாரத்து அலிபிரியில் ஒரு தாய்க்குரங்கை வரைந்திருந்தேன். மதிலில் உட்கார்ந்து, வயிற்றைக் கட்டிக்கொண்டிருக்கும் குட்டியைக் குனிந்து பார்க்கும் குரங்கு. எனக்காக வரைந்தது. அண்ணன் அதை ஜன்னலோரம் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். "இது தகட்டுக்கு இல்ல" என்று அவரே சொன்னார். அதனால்தான் அதைப் பட்டறையிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

மறு மாம்பழக் காலத்தில் உறவுக்காரர் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்காக அந்தத் தோப்புப் பக்கம் போனேன். சாப்பிட்டுக் கை கழுவும்போது, இரும்பில் குண்டு படும் சத்தம் கேட்டது. எனக்குப் பழகிய சத்தம். வேலியோரம் போய்ப் பார்த்தேன். என் தாய்க்குரங்கு நின்றுகொண்டிருந்தது. அதே குனிந்த கழுத்து, அதே வளைந்த முதுகு. குட்டி இருந்த இடத்தில் வட்டத் துளை. ஒருவன் சுட்டான், அது மல்லாந்தது. கயிற்றை இழுத்தார்கள், எழுந்து உட்கார்ந்து, இல்லாத குட்டியை மறுபடி பார்த்தது. தோப்பின் கோடியில் நிஜக் குரங்கு ஒன்று முன்கையைத் தொங்கவிட்டபடி நொண்டிப் போனது.

நேரே பட்டறைக்குப் போனேன். "குரங்கு வெட்டமாட்டேன்னு சொன்னீங்களே அண்ணா?"

அவர் அரத்தைக் கீழே வைக்கவில்லை. "இந்தப் பட்டறையிலன்னுதானே சொன்னேன்? இங்க வெட்டலையே. சித்தூர்ல லேசர்ல வெட்டிக்கினு வந்தேன்."

"குட்டியை எடுத்துட்டீங்களே."

"துளை வேற எங்கம்மா போடறது?"

என் படங்களைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

அவர் திருப்பதி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது போய்ப் பார்த்தேன். உடம்பு பாதியாகியிருந்தது. "இன்னும் மனசுல வெச்சுக்கினு இருக்கியா?" என்று கேட்டார்.

"ஆமாண்ணா."

அவர் சிரித்தார். "வேற யாரோ வரைஞ்ச குரங்கை முதல்ல காட்டினேன். தோப்புக்காரரு ஒத்துக்கல. உன்னுதைப் பார்த்ததும் வாயடைச்சுப் போயிட்டாரு. அதுல உயிரு இருந்துச்சும்மா."

பாராட்டிவிட்டார். வருத்தம் சொல்லும் அடுத்த வார்த்தைக்காகக் காத்திருந்தேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டார்.

எந்தக் கோட்டில் உயிர் இருக்கிறது என்று பார்த்த மாத்திரத்தில் கண்டுகொள்ளும் கண் அவருக்கு இருந்தது. என் வரைபடத்தை அப்படிப் பார்த்தவர் வேறு யாரும் இல்லை. அதனால்தான் எதை எடுக்க வேண்டும் என்றும் அவருக்குத் தெரிந்தது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தக் கண்ணைத்தான். இப்போதும் ஒரு கோடு சரியாக விழுந்துவிட்டால், அண்ணன் இதைப் பார்த்து என்ன சொல்வார் என்று மனம் கேட்கிறது. உடனே காகிதத்தைக் கவிழ்த்து வைத்துவிடுகிறேன்.