தடுப்புக்கு அந்தப் பக்கம்

தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் வீட்டுக்கு வீடு தடுப்புப் பலகை கூரைவரை எட்டாது. பக்கத்து வீட்டுப் பேச்செல்லாம் என் வீட்டுக்குள்தான். என் பக்கம் நான் ஒருவன். தோட்டத்துப் பந்தாட்டக் கோஷ்டிக்கு ஆள் பொறுக்கும் பொறுப்பிலிருந்து என்னை நீக்கிய பிறகு, பக்கத்து வீட்டில் தினமும் சாயங்காலம் இதே வழக்கு.

"நல்ல கோல்கீப்பரை உட்கார வெச்சாரு. அதான் பெம்பான் தோட்டத்துக்காரங்ககிட்ட தோத்தோம்."

"வேண்டிய ஆளைப் பார்த்துப் போட்டாருலா."

ஒருவனாவது என்னிடம் வந்து கேட்டானா? கேட்டாலும் சொல்லியிருக்க மாட்டேன். அந்தக் கோல்கீப்பருக்கு இருமினால் ரத்தம் வந்தது. ஆட்டத்தில் விழுந்தால் தோட்டத்துத் துரைக்கு நோய் தெரிந்துவிடும், ஊருக்குக் கப்பலேற்றிவிடுவார், தன்னைச் சேர்க்கவேண்டாம் என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

ஒருநாள் அந்தப் பேச்சுக்கு நடுவே அவன் இருமல் கேட்டது. பிறகு அவன் குரல்: "அவருக்குப் பந்தைப் பத்தி என்னா தெரியும்?"

நான் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தேன்.