ஒரு பக்கம் மட்டும் போட்ட கிளிப்

எஞ்சின் வேலை பழக வருகிறவர்கள் என்னிடம் பெரிய பழுதுகளைப் பற்றியே கேட்கிறார்கள். நான் சொல்ல விரும்புவது விரல்நகம் அளவுள்ள ஒரு கம்பி வளையத்தைப் பற்றி. முப்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது. இன்றைக்கும் நினைத்தால் கோபம் வருகிறது.

1. தள்ளுவண்டிலில் வந்த எஞ்சின்

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு யாழ்ப்பாணத்து அரியாலைக் கரையோரம் ஒரு தகரக் கொட்டிலில் வள்ளங்களின் பின்பக்கம் பூட்டும் அவுட்போட் எஞ்சின்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். போரால் உதிரிப்பாகம் எதுவும் வெளியிலிருந்து வராத காலம். செத்த எஞ்சின்களைப் பிரித்துத்தான் உயிருள்ளவற்றை ஓட்டினோம்.

ஒருநாள் காலை பிலோமினா தன் எஞ்சினைச் சாக்கால் மூடித் தள்ளுவண்டிலில் கொண்டுவந்தாள். புருஷன் இறந்த பிறகு அவளுடைய தம்பி சூசைதான் அந்த வள்ளத்தை ஓட்டிவந்தான்.

"அண்ணை, இது இனி ஓடுமோ ஓடாதோ எண்டு பாத்துச் சொல்லுங்கோ. ஓடாட்டி வித்துப்போட்டு நான் வேறை வேலை பாக்கிறன்."

நடந்தது கரையில் எல்லோருக்கும் தெரியும். பட்டணத்தில் ஒரு பெரிய வேர்க்‌ஷொப்பில் அந்த எஞ்சினுக்குப் புதுப் பிஸ்ரன் போட்டுக் கொடுத்தார்கள். இரண்டு கிழமையில் அது ஆழமில்லாத பரவைக்கடலின் நடுவில் இறுகி நின்றது. சூசை வலையை அறுத்து விட்டுவிட்டு, கூட வந்த இருவரோடு பின்னேரம் வரைக்கும் தடியூன்றிக் கரைசேர்ந்தான். வேர்க்‌ஷொப் ஃபோர்மன் எஞ்சினைத் திறக்கவேயில்லை. கயிற்றை இழுத்துப் பார்த்துவிட்டு, ஓட்டினவன் எரிபொருளில் ஒயில் கலக்காமல் ஓட்டியிருக்கிறான் என்று கடற்றொழிலாளர் சங்கத்துக்குக் கடிதம் எழுதினார். சங்கம் சூசையை எந்த வள்ளத்திலும் ஏற்றவேண்டாம் என்று சொல்லிவிட்டது. நாலு மாதமாக அவன் சந்தையில் மூட்டை தூக்கினான். சொந்த அக்காகூட அவனோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை.

2. திறந்தபோது

ஒயில் இல்லாமல் இறுகிய எஞ்சினைத் திறந்தால் பிஸ்ரன் நாலாபக்கமும் தேய்ந்து, நிறம் மாறியிருக்கும். இதில் அப்படி இல்லை. சிலிண்டரின் ஒரு பக்கத்தில் மட்டும், உளியால் கீறினதுபோல் நேரான ஒரு பள்ளம்.

பிஸ்ரனை வெளியே எடுத்தேன். பிஸ்ரனையும் தண்டையும் பிணைக்கும் பின் ஒன்று உண்டு. அது வழுக்கி வெளியே வராமலிருக்க இரண்டு நுனியிலும் சேர்க்கிளிப் என்ற வில்லுக் கம்பி வளையம் போடுவோம். இடப்பக்கம் கிளிப் இருந்தது. வலப்பக்கம் இல்லை. பின் அந்தப் பக்கமாக நகர்ந்து சிலிண்டரை உழுதிருக்கிறது.

போட்ட கிளிப் கழன்று விழுந்திருக்கலாம் என்றும் யோசித்தேன். உள்ளே ஒரு துண்டுகூட அகப்படவில்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். இடப்பக்கம் கிளிப் உட்காரும் தவாளிப்பில் அது அழுத்திய மினுக்கம் தெரிந்தது. வலப்பக்கத் தவாளிப்பு கடையால் வாங்கினபடி, ஒரு கீறல் இல்லாமல் கிடந்தது. அங்கே எந்த நாளும் கிளிப் போடப்படவில்லை.

கையிலிருந்த ஸ்பனரை வேலை வாங்கில் எறிந்தேன். பிலோமினா பயந்துபோனாள்.

"என்னண்ணை, இனி ஓடாதோ?"

"எஞ்சின் ஓடும். பிள்ளை, உன்ரை தம்பி ஒரு பிழையும் செய்யேல்லை."

அவள் அந்தப் பிஸ்ரனைக் கையில் வாங்கி, வெறுமையாக இருந்த துளையை விரலால் தடவித் தடவிப் பார்த்தாள்.

3. ஒரு சாண் கம்பி

அதே வகைச் செத்த எஞ்சின் ஒன்றிலிருந்து சிலிண்டரும் பிஸ்ரனும் எடுத்தேன். அதிலிருந்த கிளிப்புகள் உப்புப் பட்டு உக்கிப்போயிருந்தன. சைக்கிள் கம்பியை வளைத்துப் பார்த்தேன். வளைத்தபடியே நின்றது. வில்லுத்தன்மை இல்லாத கம்பியைப் போட்டால் நானும் அந்த ஃபோர்மனும் ஒன்றுதான்.

பாசையூர்ப் பக்கம் ஒரு கன்னியர் மடத்தில் ஷெல் விழுந்து மண்டபக் கூரை பியானோவின்மேல் இறங்கியிருந்தது. பியானோக் கம்பி நல்ல வில்லுருக்கு. சைக்கிளில் போய்க் கேட்டேன்.

"எவ்வளவு வேணும்?" என்றார் அங்கே சங்கீதம் படிப்பித்த சிஸ்ரர்.

"ஒரு சாண் காணும், சிஸ்ரர்."

"ஒரு சாணுக்கோ இவ்வளவு தூரம் வந்தனீங்கள்?"

"அது இல்லாததாலை ஒரு மனிசன் நாலு மாசமாக் கள்ளன்மாதிரித் திரியிறான்."

அவர் என்னைப் பியானோவிடம் கூட்டிப்போனார். குறடை வாங்கி, துருப்பிடிக்காத இடமாகத் தேடித் தானே வெட்டித் தந்தார்.

கம்பியைச் சூடாக்காமல் ஒரு துளையூசியின் தண்டில் சுற்றினேன். வெட்டி, நுனிகளைச் சாணைக்கல்லில் தேய்த்தேன். நாலு பிழையாகி எறிந்தபின் இரண்டு சரிவந்தன. தவாளிப்பில் 'டிக்' என்று விழுந்து, விரலால் தள்ள அசையாமல் இருந்தன. தண்ணீர்ப் பீப்பாவுக்குள் எஞ்சினை இறக்கி இரண்டு மணிநேரம் ஓட்டினேன். மறுபடி திறந்து பார்த்தேன். இரண்டும் போட்ட இடத்தில் இருந்தன.

4. சங்கத்தில்

பழைய பிஸ்ரனோடு சங்கத்துக்குப் போனேன். நான் கேட்டபடி செயலாளர் ஃபோர்மனையும் அழைத்திருந்தார். சூசை கதவோரம் நின்றான்.

"உந்தச் சின்னச் சாமானுக்கோ நீர் எல்லாரையும் கூப்பிட்டனீர்?" என்றார் ஃபோர்மன்.

"சின்னச் சாமான்தான். போட்டனீங்களோ இல்லையோ? அதைச் சொல்லுங்கோ."

பிஸ்ரனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில் சொன்னார்: "பூட்டேக்கை ஒண்டு துள்ளிப் போச்சுது. தேடினம், கிடைக்கேல்லை. ஒரு பக்கம் இருந்தாக் காணும் எண்டு நினைச்சன்."

கிளிப் துள்ளிப் போவது குற்றமில்லை. என் கையிலிருந்தும் எத்தனையோ துள்ளிப் போயிருக்கின்றன. ஒரு கிளிப் இல்லை என்று பிலோமினாவிடம் ஒரு சொல் சொல்லியிருக்கலாமே. சொல்லாமல் மூடினார். பிறகு அந்தப் பிழையைக் கடலில் தடியூன்றி வந்தவன் தலையில் கட்டினார். இதை அவரிடம் உரத்துத்தான் கேட்டேன். செயலாளர் கடிதத்தைக் கிழித்துவிட்டு, சூசை நாளையிலிருந்து தொழிலுக்குப் போகலாம் என்றார்.

அப்போதுதான் சூசை வாய் திறந்தான்.

"கடிதம் வந்த அண்டு செயலாளர் உங்களையும் கேட்டவர், அண்ணை. நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

கேட்டது உண்மை. சங்கம் முடிவெடுக்கமுதல் தேத்தண்ணிக் கடை வாசலில் வைத்துக் கேட்டார். அந்த எஞ்சினை நான் கண்ணாலும் கண்டிருக்கவில்லை. "அப்பிடித்தான் இருக்கும், உவங்கள் ஒயிலை மிச்சம் பிடிக்கிறவங்கள்" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்தேன்.

அதைச் சங்கத்தில் எல்லோர் முன்னாலும் அப்படியே சொன்னேன். "நானும் பிழை விட்டன், சூசை" என்றேன். அவன் மன்னித்ததாகச் சொல்லவில்லை. தலையை ஆட்டிவிட்டு அக்காவோடு போனான்.

பிள்ளைகளே, சாமான் இல்லையென்றால் இல்லை என்று எஞ்சினின் சொந்தக்காரருக்குச் சொல்லுங்கள். திறந்து பார்க்காத எஞ்சினைப் பற்றி யார் கேட்டாலும் "தெரியாது" என்று சொல்லுங்கள். அந்த ஒரு சொல்லை நான் அன்றைக்குச் சொல்லியிருந்தால், ஒரு நல்ல ஓட்டி நாலு மாதம் மூட்டை தூக்கியிருக்கமாட்டான்.